ரொகோத்தோவுக்கு ஆகஸ்ட் பதினஞ்சு வரைக்கும்தான் டைம்

அரெகிப்பா, ஜூலை 8

அக்கா, நம்ம முயல் பய ரொகோத்தோ சாகல, நாலு நாள் கழிச்சு இன்னிக்குக் காலைல ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்துட்டான், வந்த அஞ்சாவது நிமிஷம் நான் இறக்கி விட்ட உன் கட்டில்லயே மூத்திரம் போய்ட்டான்!!!

உனக்கு ஒண்ணுமே தெரியாதுல்ல. உங்க மலைல டவர் செத்து மூணு வாரம் ஆச்சு. நான் அனுப்பின வாய்ஸ் நோட் இருபத்திரெண்டும் ஒத்த டிக்கோட நிக்குது. அதான் பஸ் டிரைவர் தோன் வில்பர் கையில லெட்டரா குடுத்து விடறேன். பேனா பிடிச்சு எத்தனை நாளாச்சு! இப்பவே கை வலிக்குது. எழுத்து கோணலா இருந்தா திட்டாதே.

வெள்ளிக்கிழமை அவன் சாப்பிடல. மூலைல பந்து மாதிரி சுருண்டுகிட்டு பல்லை நறநறன்னு கடிச்சான். தூக்கினா அடிவயிறு முழுக்க ஈரம். எக்ஸ்ரே எடுத்தாங்க. மூத்திரப்பை முழுக்கச் சேறு, அக்கா! பற்பசை மாதிரி வெள்ளையா, சுண்ணாம்புச் சேறு. டாக்டர் கேட்டாரு, "தினமும் என்ன குடுக்கறீங்க?" குதிரைமசால் தழைன்னு சொன்னேன். மார்க்கெட்ல இருந்து தினம் ஒரு கட்டு, பச்சையா, ஃப்ரெஷ்ஷான்னு பெருமையா வேற சொன்னேன். அவரு என்னைப் பார்த்த பார்வை இருக்கே.

"இது முயலும்மா, கறிக்கு வளர்க்கற கூய், கினிப்பன்றி இல்ல. கூய்க்குக் குதிரைமசால் போட்டா மூணு மாசத்துல கொழுகொழுன்னு ஆகும், சட்டிக்குப் போயிடும். அதுக்குச் சுண்ணாம்பு சேர நேரமே கிடையாது. உன் முயல் மூணு வருஷமா தின்னுட்டு இருக்கு."

அவன் குட்டியா இருந்தப்ப குதிரைமசால்தான் பெஸ்ட், மாத்தாதேன்னு சொன்னது யாரு? தனிட்சா அக்கா. நான் மாத்தல.

இன்னொண்ணும் எழுதாம விட முடியல. மே மாசம் நீ கிளம்பின அன்னிக்கு உன்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் காட்டினேன். "பாரு, கக்கூஸ் பெட்டில ரொம்ப நேரம் முக்கிட்டு உக்காந்திருக்கான்"ன்னேன். நீ பையை மூடிக்கிட்டே சொன்ன, "வெயிட் போட்டிருக்கான்டி. அது வெறும் முயல்." நீ நர்ஸ். நான் காட்டினேன். நீ குனிஞ்சுகூடப் பார்க்கல.

இப்ப பெரிய பிரச்சனை. முன்னாடி அவன் கக்கூஸ் பெட்டியைத் தவிர வேற எங்கயும் போனதே இல்ல, அவன் பேர்ல நான் நடத்தற ஃபேன் பேஜ்ல அதுக்குன்னே தனி வீடியோ இருக்கு. இப்ப பெட்டியைப் பார்த்தாலே ஓடறான். கட்டில், மேட், அம்மாவோட ஷால், எல்லாத்துலயும் போறான். மரத்தரை இடுக்கு வழியா இறங்கி, கீழ இருக்கற வீட்டு ஓனரம்மா தோன்யா எதெல்மிராவோட சாப்பாட்டு ரூம் சீலிங்ல மஞ்சளா ஒரு வட்டம் வந்துடுச்சு. அவங்க மாடி ஏறி வந்து, "ஆகஸ்ட் பதினஞ்சு ஊர் பொறந்த நாள், என் வீட்டுல விருந்து. அதுக்குள்ள அவன் பெட்டில போகணும். இல்ல, அவன் இந்த வீட்டை விட்டுப் போகணும்"ன்னு சொல்லிட்டாங்க.

அம்மா, உபால்தோ மாமாகிட்ட விடலாம்ங்கறா. சரகாத்தோல மாமாவோட முயல் கூண்டெல்லாம் எதுக்குன்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

ஏதாவது சொல்லு. சீக்கிரம் சொல்லு.

மரிசியெலோ


மேல்மலை மருத்துவ நிலையம், ஜூலை 13

மாரி,

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று முறை படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அரெகிப்பாவில் முயல் வைத்திருக்கிற எல்லோரும் குதிரைமசால்தான் போடுகிறார்கள். நான் ஒருத்தி கண்டுபிடித்த பழக்கம் இல்லை அது. குட்டிக்கு நல்லது என்றுதான் சொன்னேன். அவன் வளர்ந்த பிறகு என்னை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு பஸ்ஸுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. ஒரு வருடம் இங்கே வேலை பார்த்தால்தான் அரசாங்க வேலைக்குப் போக முடியும் என்பது உனக்குத் தெரியும். பை மூடவில்லை. நீ கதவுக்குக் குறுக்கே நின்றாய். நான் என்ன

(இந்த வரியை அடித்துவிட்டேன். விடு.)

செய்ய வேண்டியதை எழுதுகிறேன். வீடு முழுக்கத் திரிய விடாதே. ஒரு மூலையில் நாற்காலிகளை அடுக்கித் தடுத்து, அதற்குள் அவனையும் பெட்டியையும் மட்டும் வை. திட்டாதே, தூக்கிக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடாதே. முக்கியமானது சுத்தம். இது சிறுநீர்ப்பை நோய். பெட்டியைத் தினமும் காலையில் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். அம்மாவிடம் சொல், நான் சொன்னேன் என்று சொல்.

தனிட்சா


அரெகிப்பா, ஜூலை 21

அக்கா,

நீ சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. எல்லாமே மோசமாயிடுச்சு.

நாற்காலி அடுக்கினேன். மூணடிக்கு நாலடி இடம். அதுக்குள்ள பெட்டிதான் பாதி. அவன் மீதிப் பாதில போறான்! நேத்து மட்டும் ஏழு இடம், எண்ணினேன், போட்டோ எடுத்து தேதி போட்டு வச்சிருக்கேன். பெட்டிக்குப் பக்கத்துல காய்ஞ்ச புல் வச்சா கழுத்தை மட்டும் நீட்டி ஒரு வாய் இழுத்துட்டு, பின்னங்காலைத் தரையில டொம்முனு அடிச்சு ஓடறான். நாலு நாள் படுத்ததுல பின்னங்கால் வேற இன்னும் உயரமா தூக்க வரல, வழுக்கி விழறான். ஓடி வந்து என் முழங்கால் மேல உக்காந்துட்டு, அங்கயே சொட்டு சொட்டா போறான். திட்டல அக்கா. ஒரு தடவைகூடத் திட்டல. அழுதேன், அது கணக்கா?

அம்மா உன் பேரைச் சொல்லி என்னை மிரட்டறா. "நர்ஸ் சொல்லியிருக்கா"ன்னு விடியறதுக்கு முன்னாடியே பினாயில் பாட்டிலோட வந்துடறா. பெட்டி பளபளன்னு இருக்கு. நாமளே சாப்பிடலாம் அதுல, அவ்வளவு சுத்தம்.

பேஜ்ல கேட்டேன். நானூத்திப் பன்னெண்டு ஃபாலோயர், நானூறு ஐடியா. பிஸ்கோல ஒருத்தங்க மரத்தூள் போடுங்கறாங்க, தாக்னாக்காரர் மரத்தூள் போட்டா மூச்சு முட்டும்ங்கறாரு, கமெண்ட்லயே ரெண்டு பேரும் அடிச்சுக்கறாங்க.

ஞாயித்துக்கிழமை உபால்தோ மாமா வந்தாரு. சும்மா பார்க்க வந்தேன்னாரு. வந்தவர் ரொகோத்தோ முதுகைத் தடவல, அழுத்திப் பார்த்தாரு.

"ரெண்டு கிலோ தேறுவான்."

"மாமா, அவன் பேஷன்ட்."

"அதுக்குத்தான்டி சொல்றேன். இளைக்கறதுக்குள்ள குடுத்துடு. அங்க நாப்பது பேர் இருக்காங்க. நல்ல பொண்ணாப் பார்த்து கட்டி வைக்கறேன்."

"அந்த நாப்பதுல போன வருஷத்து ஆளுங்க எத்தனை பேர் மாமா?"

மாமா சீலிங்கைப் பார்த்தாரு. அம்மா டீ போடப் போய்ட்டா.

இன்னும் இருபத்தஞ்சு நாள். உன்னால வர முடியாதா? ரெண்டு நாளைக்காவது? சரி, முடியாது, தெரியும். வெறும் முயல்தானே.

மாரி


மேல்மலை, ஜூலை 26

மாரி,

உன் கடைசி வரி என்னைத் தைத்தது. நீ எதிர்பார்த்த இடத்திலேயே.

இங்கே தோன் சாத்துர்னினோ என்று ஒரு தாத்தா. போன மாதம் சிறுநீர் அடைப்பு. குழாய் வைத்து, எடுத்து, தேறிவிட்டார். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு கழிப்பறைக்குப் போகாமல் படுக்கையிலேயே நனைக்கிறார் என்று மருமகள் வந்து சண்டை போட்டாள். "கெழவனுக்குப் புத்தி கலங்கிடுச்சு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நேற்று வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வெட்கப்பட்டார். பிறகு சொன்னார்: "அங்க போனா எரியும்மா. இப்ப எரியாதுன்னு நீ சொல்ற. என் காலு நம்ப மாட்டேங்குது."

அவருக்கு இடம் மறக்கவில்லை. இடம் நன்றாக நினைவிருக்கிறது, அதுதான் பிரச்சனை.

ரொகோத்தோவுக்கும் அந்தப் பெட்டியில்தான் வலித்திருக்கும். பல வாரங்களாக. நீ எனக்குக் காட்டிய அன்றைக்கும்.

நீ என்னைக் கூப்பிட்டபோது நான் குனிந்து பார்த்திருக்க வேண்டும். பஸ் போனால் போயிருக்கட்டும். இதை எழுதத் தைரியம் இல்லாமல்தான் போன கடிதத்தில் ஒரு வரியை அடித்தேன்.

அவன் பெட்டிக்கு அருகில் போகும்போது சரியாக என்ன செய்கிறான்? எதை முதலில் பார்க்கிறான், எப்போது காலை அடிக்கிறான்? ஒன்று விடாமல் எழுது. இந்த முறை பார்க்கிறேன்.

கடிதத்தோடு ஒரு மூட்டை வருகிறது. ஓட்ஸ் பயிரின் தாள், கதிர் விடுவதற்கு முன் அறுத்துக் காய வைத்தது. பக்கத்து வயல்காரரோடு நானும் அறுத்தேன், கை எல்லாம் கீறல். சுண்ணாம்பு அதிகம் சேராது. குதிரைமசாலை அடியோடு நிறுத்து.

த.


அரெகிப்பா, ஆகஸ்ட் 4

அக்கா!!! கண்டுபிடிச்சுட்டேன்!!!

உன் லெட்டர் வந்த மறுநாள் அவனை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். தெரு முழுக்க பையில அமைதியா இருந்தான், காது மட்டும் வெளிய. க்ளினிக் கதவைத் திறந்தோம். இன்னும் உள்ளகூடப் போகல. ஒருத்தங்க தரை துடைச்சிட்டு இருந்தாங்க. பைக்குள்ள இருந்து டொம்! டொம்! வீட்டுல பெட்டிக்கிட்ட அடிக்கிற அதே டொம்!

அம்மா மூக்கை இழுத்துட்டு பெருமையா சொல்றா, "பாருடி, நம்ம வீட்டு வாசனை."

நான் அப்படியே நின்னுட்டேன். பினாயில், அக்கா. நாலு நாள் ஊசி குத்தி, வயித்தை அழுத்திச் சேத்தை எடுத்த இடத்தோட வாசனை. அதைத்தான் தினம் காலைல அவன் பெட்டில ஊத்திட்டு இருந்தோம்! தூர நின்னு மோந்து பார்க்கறான், அப்புறம்தான் காலை அடிக்கறான். மோந்து பார்க்கறதுதான் முதல்ல. அதை நான் கவனிக்கவே இல்ல, நீ கேட்டதுக்கப்புறம்தான் யோசிச்சேன். அவனைப் பொறுத்தவரைக்கும் நாங்க க்ளினிக்கையே வீட்டுக்குள்ள கொண்டு வந்து வச்சுட்டு, இதுல மூத்திரம் போடான்னு சொல்லியிருக்கோம்.

பழைய பெட்டி காலி. எவ்வளவு தேய்ச்சும் வாசனை போகல. பழக்கடைல ஒரு பிளாஸ்டிக் ட்ரே கேட்டு வாங்கினேன். பின்னங்கால் தூக்க வரலல்ல, அதனால கத்தியைச் சூடு பண்ணி ஒரு பக்கத்தை வெட்டி ரெண்டு விரல் உயரத்துக்கு இறக்கிட்டேன். அடியில நியூஸ்பேப்பர். அதுக்கு மேல, கட்டிலுக்கு அடியில அவன் போனதைத் துடைச்ச ஈரப் பேப்பர். அதுக்கு மேல அவனோட புழுக்கை பத்து. ஒரு ஓரத்துல நீ அனுப்பின ஓட்ஸ் தாள்.

அம்மா தலையில கைய வச்சுட்டா. "துடைச்ச அழுக்கை எடுத்து திரும்பப் பெட்டில வைக்கறியே, நீ மனுஷிதானா?"

"அது அழுக்கில்லம்மா, அட்ரஸ்!"

"நர்ஸ் பினாயில்னுதானே சொன்னா?"

"நர்ஸுக்கு முயல் மூக்கு இல்ல!"

சாரி அக்கா. ஆனா உண்மை.

அரை மணி நேரம் தரையில குப்புறப் படுத்துக் கிடந்தேன். வந்தான். மோந்தான். கால் அடிக்கல! ஒரு காலை வச்சான், எடுத்தான், வச்சான். உள்ள போய் உன் ஓட்ஸைத் தின்னான். தின்னுட்டே வாலைத் தூக்கினான். நான் அம்மா வாயைப் பொத்திட்டேன், கத்தியிருப்பா.

நாலு நாளா பத்துல ஏழு பெட்டிக்குள்ள. வெளிய போனா வெறும் வினிகர் தண்ணில துடைக்கறேன். தோன்யா எதெல்மிராகிட்ட ஏழு விழுக்காடுன்னு தப்பா சொல்லிட்டேன், எழுபதுன்னு திருத்தறதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. பதினஞ்சு காலைல அவங்களே மேல வந்து பார்ப்பாங்களாம்.

ஆனா பதினாலு சாயந்திரம் வெடி, அக்கா. ஊரே வெடிக்கும். போன வருஷமே அவன் பீரோவுக்குப் பின்னாடி ஒளிஞ்சான், அப்ப நல்லா இருந்தான். இப்ப? பயந்தா எல்லாம் மறந்துடுமா? எனக்குத் தூக்கமே வரல.

மாரி


மேல்மலை, ஆகஸ்ட் 9

மாரி,

பினாயில் ஊற்றச் சொன்னது நான். அம்மாவைத் திட்டாதே. தாத்தாவிடம் போனபோது என் கையை முகர்ந்து பார்த்தேன், மருந்து வாடை. இனி அவர் வீட்டுக்கு வெறும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போவேன்.

வெடியைப் பற்றி. கனமான போர்வையை மேசை மேல் போட்டு, அதன் கீழ் அவனையும் பெட்டியையும் வை. நீயும் பக்கத்தில் இரு. இதில் எல்லாம் நான் சொல்வதை இனி அப்படியே நம்பாதே, அவனைப் பார்த்து முடிவு செய்.

ஒன்றை மட்டும் நம்பு. பயத்தில் அவன் வெளியே போனால் கவலை இல்லை. போகாமலே அடக்கிக்கொண்டால்தான் கவலை. பன்னிரண்டு மணி நேரம் எதுவும் வரவில்லை என்றால் மீண்டும் அடைத்திருக்கலாம். அப்போது பெட்டியை மறந்துவிடு, சீலிங்கை மறந்துவிடு, தோன்யாவையும் மறந்துவிடு. எங்கே போனாலும் சரி, போனால் போதும்.

விடுப்பு கேட்டேன். கிடைக்கவில்லை. இரண்டு முறை கேட்டேன்.

தனி


அரெகிப்பா, ஆகஸ்ட் 15, சாயந்திரம் நாலு மணி

அக்கா,

அவசரமா எழுதறேன், எழுத்து இன்னும் கோணலா இருக்கும். வரிசையா சொல்றேன்.

நேத்து ஆறு மணிக்கு பெட்டில போனான். ஏழு மணிக்கு முதல் வெடி. மேசைக்கு அடியில போர்வைக்குள்ள நானும் அவனும். அவன் நெஞ்சு என் கைக்குள்ள மோட்டார் மாதிரி அடிச்சுது. வெடி நின்னது. அவன் அசையல. காலைல பெட்டி காய்ஞ்சு கிடக்கு. தரை காய்ஞ்சு கிடக்கு. ஆறு, ஏழு, எட்டு, ஒண்ணும் இல்ல. க்ளினிக்குக்குப் போன் பண்ணினா லீவு. டாக்டர் போன் ஸ்விட்ச் ஆஃப். பத்து மணிக்குப் பதினாறு மணி நேரம் ஆச்சு.

அப்பதான் தோன்யா எதெல்மிரா மாடி ஏறி வர்றாங்க. ஒரு கையில நாற்காலி, ஒரு கையில பேசின். பேசின் நிறைய விருந்துக்கு ரொகோத்தோ மிளகாய்! உக்காந்து கத்தியால விதை எடுத்துக்கிட்டே கேக்கறாங்க.

"எங்க உன் மிளகாய்ப் பய?"

"மேசைக்கு அடியில. மெதுவாப் பேசுங்க."

"என் வீட்டுல என்னையே மெதுவாப் பேசுங்கறா. ஒன்பது பேர் சாப்பிட வர்றாங்க. தலை மேல என்ன சொட்டப் போகுதுன்னு தெரியணுமில்ல? பெட்டில போறானா, போகலையா?"

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, வெடிச்சுட்டேன். "எங்க வேணா போகட்டும் தோன்யா! உங்க தரையில போகட்டும், உங்க செருப்புல போகட்டும்! பதினாறு மணி நேரமா போகல. போகலன்னா செத்துடுவான். பெட்டியெல்லாம் எனக்கு வேண்டாம். ஒரு தடவை போகட்டும், நாங்க மூணு பேரும் வீட்டையே காலி பண்ணிட்டுப் போறோம்!"

அம்மா "அடிப்பாவி"ன்னா.

தோன்யா கத்தியைக் கீழ வச்சாங்க. "பதினாறு மணி நேரமா?"

தலையாட்டினேன்.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? என் மூத்தவன் ரெண்டு வயசுல இப்படித்தான் பயந்து அடக்கிட்டான். நாளெல்லாம் மடியில வச்சு என்ன பண்ணினேன் தெரியுமா?" கையைப் பாவாடையில துடைச்சுட்டு, அந்த எழுபது வயசுல மெதுவா மண்டி போட்டு உக்காந்து, மேசைக்கு அடியில எட்டிப் பார்த்து, "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்…"

அம்மாவும் பக்கத்துல உக்காந்தா. "ஸ்ஸ்ஸ்ஸ்." நானும். முயலுக்கு இது புரியாதுன்னு எனக்குத் தெரியும் அக்கா, தெரிஞ்சேதான் செஞ்சேன். மூணு பொம்பளைங்க தரையில உக்காந்து பாம்பு மாதிரி சீறிட்டு இருக்கோம்.

எவ்வளவு நேரம்னு தெரியல. போர்வை அசைஞ்சுது. முதல்ல மூக்கு. அப்புறம் ஒரு காது. எங்க மூணு பேரையும் பைத்தியங்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். தோன்யா முழங்காலைச் சுத்திப் போனான். மரத்தரையில நடு ரூம்ல நின்னான். நான் மனசுக்குள்ள "இங்கயே போடா, இங்கயே போடா செல்லம்"ங்கறேன். போகல. நடந்தான். வெட்டின பக்கமா ட்ரேக்குள்ள ஏறினான், ஒரு சுத்து சுத்தினான், வாலைத் தூக்கினான்.

சத்தம் கேட்டுது அக்கா. பேப்பர் மேல. நிக்கவே இல்ல, ஓடிட்டே இருந்துது. நான் எட்டிப் பார்த்தேன். தெளிவா மஞ்சளா இருந்துது, சேறு இல்ல.

அப்புறம் தோன்யா எதெல்மிரா சிலுவை போட்டுட்டு சொன்னாங்க: "நாப்பது வருஷம் என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அந்த மனுஷனுக்குக் குறி ஒரு நாளும் சரியா விழல. இவன் இருக்கட்டும்."

"சீலிங்?"

"சீலிங்குக்கு நீ வெள்ளை அடிக்கற. ரெண்டு கோட்."

போறப்ப நாற்காலியை மறந்துட்டுப் போய்ட்டாங்க. பேசினை மறக்கல.

அதுக்கப்புறம் மதியம் கதவோரமா ஒரு சின்னச் சொட்டு வெளிய போனான். வினிகர் போட்டுத் துடைச்சுட்டேன். நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. டாக்டர் போனை ஆன் பண்ணிட்டாரு, நாளைக்குக் காட்டணும், இன்னும் ஒரு மாசம் பயந்துட்டேதான் இருக்கணுமாம். பயந்துக்கறேன். பழகிடுச்சு.

மே மாசத்தை மன்னிச்சுட்டேனான்னு நீ கேக்கல, ஆனா மூணு லெட்டரா கேட்டுட்டு இருக்க. பாதி மன்னிச்சுட்டேன். "போனால் போதும்"னு நீ எழுதின பக்கம் காலைல என் பாக்கெட்லயே இருந்துது. அது இல்லன்னா நான் கத்தியிருக்க மாட்டேன், தோன்யா மண்டி போட்டிருக்க மாட்டாங்க. மீதிப் பாதிக்கு நேர்ல வா.

இப்ப நீ செய்ய வேண்டியது: இந்த லெட்டரை அங்க எல்லாரையும் கூட்டி வச்சு சத்தமா படி. முதல்ல தோன் சாத்துர்னினோ தாத்தாவுக்கு. ஓட்ஸ் வயல்காரருக்கும். அந்த மருமகளுக்குக் கண்டிப்பா. யார் வீட்டுல முயல் பெட்டியைப் பார்த்து ஓடுதோ அவங்களை எனக்கு எழுதச் சொல்லு, பெட்டி என்ன வாசனை அடிக்குதுன்னு முதல் வரிலயே எழுதச் சொல்லு. நம்ம நாலு மாசக் கதையையும் பேஜ்ல போடலாமான்னு சொல்லு, நானூத்திப் பன்னெண்டு பேரும் காத்துட்டு இருக்காங்க. தோன் வில்பர் செவ்வாய்க்கிழமை திரும்பக் கிளம்பறாரு. பதில் எழுது, ஒரு வரியைக்கூட அடிக்காம எழுது.

மாரி